முதுவான்: முதுகா, முதுமையா?

பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளி வயல்வெளியில் நின்று தெற்கே பார்த்தால் மலை. முன்னால் நெல்லியாம்பதி, கிழக்கே தள்ளி ஆனைமலை. அந்த ஆனைமலைக்கு அப்புறம் இடுக்கி மாவட்டம். வரைபடத்தில் கோல் வைத்து அளந்தால் பெரிய தூரமில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு சோதனைச்சாவடியில் திரும்பவும் கேரளத்தில் ஏறி, மறையூர் வழியாக மூணாறு போக வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக இப்படி ஒரு சுற்று. இந்தச் சுற்றை நமக்கு உண்டாக்கி வைத்த அதே காட்டுக்குள், சாலையெல்லாம் போடுவதற்கு முன்பிருந்தே குறுக்கும் நெடுக்கும் நடந்து பழகிய ஒரு கூட்டம் இருக்கிறது. மலையாளப் பத்திரிகைகள் அவர்களை முதுவான்மார் என்று எழுதும். தமிழில் முதுவர் என்போம். அரசாங்கக் காகிதத்தில் முதுவன்.

‘அதென்ன முதுவான்?’ என்று சித்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ‘புள்ளைய முதுகுல கட்டிட்டு நடப்பாங்கல்ல, அதனாலதான்.’ மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறவரும் இதையே சொல்வார். சுற்றுலாக் கையேடுகளிலும் இதுதான். இவ்வளவு பேர் ஒரே மாதிரி சொல்லும் சொற்பொருளைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்பது நல்லது.

கதை ஒன்றல்ல, பல. மதுரையில் பாண்டியர் ஆட்சி நிலைகுலைந்தபோது அங்கிருந்து மலையேறிய மக்கள் குழந்தைகளை முதுகில் சுமந்து வந்தார்கள் என்பது ஒரு பாடம். சுமந்தது குழந்தையை அல்ல, மீனாட்சியின் திருவுருவத்தை என்பது இன்னொன்று. கண்ணகி மதுரையை எரித்த நாளில் கிளம்பியவர்கள் நாங்கள் என்று சொல்வோரும் உண்டு. போடிநாயக்கனூரில் தொட்டிய நாயக்கர் அதிகாரம் ஏற்பட்ட காலத்தோடு இந்த இடப்பெயர்ச்சியை முடிச்சுப் போடுவது நான்காவது. நான்கிலும் மதுரையும் முதுகும் மாறவில்லை. முதுகில் இருந்த சுமைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை அச்சில் ஏற்றிப் பரப்பியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டக்காரர்களும். எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் ‘முதுவர் அல்லது முதுகர்’ என்று இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அதே 1909-ல் கொச்சி ராஜ்ஜியத்துப் பழங்குடிகளைப் பற்றிய முதல் தொகுதி வந்தது. எழுதியவர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், பாலக்காடு லட்சுமிநாராயணபுரத்துக்காரர். நல்லேப்பிள்ளி அடங்கிய சித்தூர் தாலூகா அன்று மலபாருக்கு நடுவே தனியாகக் கிடந்த கொச்சிச் சீமை. ஆகையால் நம்மூர்ப் பக்கத்து எரவாளரையும் காடரையும் அவர் பதிவு செய்தார். திருவிதாங்கூர்ப் பகுதியின் முதுவான்களை விரிவாக எழுதும் வேலை அவர் மகன் எல்.ஏ. கிருஷ்ண ஐயருக்கு 1930-களில் வாய்த்தது. தகப்பனும் மகனுமாக ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

இனி சொல்லுக்கு வருவோம்.

முதுகு என்ற சொல்லோடு ‘அன்’ சேர்ந்தால் முதுகன் ஆக வேண்டும். முதுவான் ஆக வேண்டுமானால் நடுவில் உள்ள ககரம் வகரமாக மாறியிருக்க வேண்டும். அது நடக்காததல்ல. பாகற்காயைப் பாவக்காய் என்கிறோம். ‘ஆகாது’ என்பதை ‘ஆவாது’ என்கிறோம். ‘போகுது’ பல ஊரில் ‘போவுது’. ஆகவே முதுகன் முதுவன் ஆனான் என்பாரை இலக்கணத்தைக் காட்டி விரட்ட முடியாது. ஆனால் அந்த வளைந்த வழி எதற்கு? நேர்வழி ஒன்று திறந்தே கிடக்கிறது. முது என்ற அடிச்சொல். முதியவர், முதுமை, மூதூர், மூதாதை, மூப்பன் எல்லாம் அதன் பிள்ளைகள். முதுவர் என்றால் பழந்தமிழில் மூத்தோர். பாண்டியரில் முதுகுடுமிப் பெருவழுதி என்றொரு மன்னனே இருந்தான். முதுமலை என்ற பெயர் நீலகிரியில் இன்றும் நிற்கிறது. திருமுதுகுன்றத்தை வடமொழியாக்கியவர்கள் விருத்தாசலம் என்று வைத்தார்களே, அவர்கள் யாரும் அந்தக் குன்றுக்கு முதுகு இருப்பதாக நினைக்கவில்லை.

ஈற்றில் வரும் நெடில் என்ன கணக்கு என்று கேட்கலாம். முதுவன் எப்படி முதுவான் ஆனது? மலைப்பக்கத்துப் பெயர்களில் இது வழக்கம்தான். பக்கத்திலேயே மன்னான் என்ற பழங்குடி. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் இன்றும் ராஜமன்னான் என்ற பட்டத்தோடு அவர்களுக்கு அரசர் உண்டு. மன்னன் என்பதே மன்னான் என்று நீண்டது என்று கொண்டால் முதுவனும் முதுவான் ஆவதில் வியப்பில்லை.

மன்னான் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் துணி வெளுக்கும் சமூகத்தார் மண்ணான். மலையில் வாழ்வோர் மன்னான். நமக்கு ணகரமும் னகரமும் தெளிவாக வேறு. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று. பட்டியல் பழங்குடி யார், யார் அல்லர் என்ற கேள்வி இதில் தொங்கியதால், அட்டவணைப் பழங்குடிகள் ஆணையின் கேரளப் பட்டியலில் இந்த ஒரு பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் மலையாள எழுத்தில் எழுத வேண்டும் என்றே விதித்திருக்கிறார்கள். ஒரு மெய்யெழுத்து சட்டப்புத்தகம் வரை ஏறிய கதை இது. முதுவானுக்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கவில்லை. கேரளப் பட்டியலில் முதுவன் இரண்டு எழுத்துக்கூட்டலில் முதுகரோடு சேர்ந்து ஒரே எண்ணில் வருகிறான். தமிழ்நாட்டுப் பட்டியலில் முதுகரும் முதுவனும் ஓர் எண். எழுத்துக்கூட்டல் சற்றே மாறிய அதே முதுவன் அடுத்த எண்.

இந்தக் குழப்பத்தில் அடிபடுவது அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டத்தின் வடகோடியில் அட்டப்பாடியில் இருளர், குறும்பர் ஆகியோரோடு வாழும் மூன்றாவது மக்கள் முதுகர். அவர்கள் வேறு, ஆனைமலைக்குத் தெற்கே வாழும் முதுவான் வேறு. பேச்சும் வேறு. ஆனால் முதுகில் குழந்தை சுமந்ததால் வந்த பெயர் என்ற விளக்கம் முதுகருக்கும் சொல்லப்படுகிறது. முதுகர் என்ற சொல்லில் ககரம் கெடாமல் இருப்பதால் அங்கே அது ஓரளவு பொருந்தவும் செய்கிறது. என் சந்தேகம் இதுதான்: அட்டப்பாடிக்குப் பொருந்திய உரையை, பெயர் ஒலி ஒத்துப்போன காரணத்தால் இடுக்கிக்கும் ஒட்டிவிட்டார்கள். தர்ஸ்டன் போட்ட ‘அல்லது’ அந்த ஒட்டுக்கு நல்ல பசையாக இருந்திருக்கும்.

அது போக, மலையில் யார்தான் பிள்ளையை முதுகில் கட்டுவதில்லை? கையில் கொடுவாளும் தலையில் விறகும் இருக்கும்போது குழந்தைக்கு மிச்சமிருக்கும் இடம் முதுகுதான். எல்லாரும் செய்யும் ஒன்றை வைத்து ஒருவருக்கு மட்டும் பேர் வைப்பார்களா? பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். காட்டில் இருப்பவர் காடர். மலையில் இருப்பவர் மலசர். பழனி மலையிலும் தேனிப் பக்கத்திலும் இருப்பவர் பளியர். அந்தச் சொல்லைப் பழையர் என்று விரிப்பவர்களும் உண்டு. அது சரியென்றால் கீழ்நாட்டார் ஒரு மலைக்கூட்டத்தைப் பழையர் என்றும், அடுத்த மலைக்கூட்டத்தை முதுவர் என்றும் அழைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே பார்வை: நமக்கு முன்னால் இருந்தவர்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. அவர்கள் கதைப்படி அவர்கள் மலைக்கு வந்தேறிகள், மதுரைக்காரர்கள். பெயர்ப்படி மலையின் மூத்தோர். கதையைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. முதுவான் பேச்சு தமிழோடு நெருங்கியது. அவர்களுக்குள்ளேயே பாண்டி முதுவான், நாட்டு முதுவான் என்று தமிழ்ப்பக்கமும் மலையாளப்பக்கமுமாக இரு பிரிவு. குலப்பிரிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் கூட்டம். ‘நீங்க எந்தக் கூட்டம்?’ என்று கொழிஞ்சாம்பாறைக் கவுண்டர் வீட்டில் கேட்கும் அதே சொல். ஒரு பெரிய வித்தியாசம்: கொங்குக் கூட்டம் தகப்பன் வழி, முதுவான் கூட்டம் தாய் வழி. ஊர்த் தலைவர் காணி. மணமாகாத இளைஞர்கள் சேர்ந்து படுத்துறங்கும் இடம் சாவடி. சமவெளிக்காரனுக்கு ஒரு சொல்கூட அந்நியமில்லை. ஆகவே கீழிருந்து ஒரு கூட்டம் ஏறியிருக்கலாம். ஏற்கெனவே இருந்தவர்களோடு கலந்திருக்கலாம். நான் மறுப்பது அந்தக் கதையை அல்ல. பெயருக்கு அதைக் காரணமாக்குவதைத்தான்.

பெயரைவிட எனக்கு ருசி தருவது குடி. முதுவான் ஊர் என்று சொல்லமாட்டான், குடி. தேனி மாவட்டத்தில் குரங்கணிக்குப் பக்கத்தில் முதுவாக்குடி என்றே ஓர் ஊர் இருக்கிறது. இடுக்கியில் எல்லாரும் பெயர் சொல்வது இடமலைக்குடி. அது ஒரு குடியல்ல, இருபதுக்கும் மேற்பட்ட குடிகள் சேர்ந்த தொகுப்பு. மூணாறு பஞ்சாயத்தில் ஒரு வார்டாக இருந்ததைப் பிரித்து 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக்கினார்கள். இடமலையாறு பெரியாற்றில் சேரும் ஆறு. தலை மலையாளத்தில் தல ஆகிறது, மலை மல ஆகிறது, அந்தக் கணக்கில் இடை இட ஆகும். எனவே இடமலை என்பதை இடைமலை என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மலைகளுக்கு இடையே கிடக்கும் குடி. இடுக்கி என்ற மாவட்டப் பெயரும் இடுக்கிலிருந்து வந்ததுதானே.

உள்ளே உள்ள குடிப்பெயர்களில் ஒரு நூற்றாண்டு வரலாறு கலைந்து கிடக்கிறது. மீன்கொத்திக்குடி, நெல்மணல்குடி, கண்டத்துக்குடி ஆகியவை மண்ணையும் தண்ணீரையும் பார்த்து வைத்த பெயர்கள். இட்டலிப்பாறைக்குடி என்று ஒன்று. நூறடிக்குடி என்று ஒன்று. பஞ்சாயத்து நடவடிக்கைக்கெல்லாம் மையம் சொசைட்டிக்குடி. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் அங்கே வந்தது. சங்கம் மலையாள நாட்டில் சொசைட்டி. சொசைட்டி வந்த இடம் சொசைட்டிக்குடி. கொட்டகை போட்ட இடம் ஷெட்டுக்குடி. வெளியிலிருந்து எது வந்தாலும் பின்னால் ஒரு ‘குடி’யை ஒட்டித் தன் வீட்டுச் சொல்லாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் நம் பேரூராட்சி நகர்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வாய்க்கவில்லை.

இருப்புக்கல்லுக்குடியில் சின்னத்தம்பி என்பவர் நடத்திய டீக்கடையும் அதனுள்ளே இருந்த நூலகமும் 2014-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் வெளியுலகுக்குத் தெரிந்தன. சுமார் 160 புத்தகங்கள். சாக்குமூட்டையில் வைத்திருந்தார். அதில் சிலப்பதிகாரத்தின் மலையாள வடிவமும் ஒன்று. மதுரை எரிந்ததால் மலையேறினோம் என்று சொல்லும் மக்கள் மதுரை எரிந்த கதையை மலையாளத்தில் கடன் வாங்கிப் படித்திருக்கிறார்கள்.

இடமலைக்குடிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் மூணாற்றிலிருந்து ராஜமலை வழியாகப் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து 70 பேரைக் கொண்டுபோன தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடம் அதுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கிருந்து சொசைட்டிக்குடிக்குக் காட்டுவழி சுமார் 18 கிலோமீட்டர். பல காலம் ரேஷன் அரிசி அந்த வழியில் ஆள் சுமந்தே போனது. நோயாளி கீழே வந்தது மஞ்சலில், அதாவது கம்பில் துணி கட்டி நாலு பேர் தோள்கொடுக்கும் தூளியில். ஜீப் போகுமளவுக்குப் பாதை வந்தது அண்மையில்தான், அதுவும் மழைக்குக் கட்டுப்பட்டது.

அங்கே பெண்கள் சேலை கட்டும் விதத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முந்தானையைத் தோளின் மேல் முடிச்சிட்டு, முதுகுப்பக்கம் துணி ஒரு பை மாதிரி தொங்கும்படி விடுகிறார்கள். குழந்தை அதற்குள் உட்காரும். தாயின் இரு கையும் காலி. ஏற்றத்தில் மரவேரைப் பிடிக்கலாம், இறக்கத்தில் தடி ஊன்றலாம். சேலைக் கட்டே தூளியாகிவிடுவதால் தனியாக ஒரு துணி வேண்டியதில்லை. முதுகிலிருந்து பெயரைப் பிடிக்க எல்லாருக்கும் ஏன் ஆசை வந்தது என்பது இதைக் கண்டால் புரிகிறது. சொல்லாராய்ச்சியில் தோற்றாலும் கண்ணுக்கு எதிரே நிற்கும் சாட்சி அது.

முதுகு இன்னொரு விதத்திலும் இவர்கள் சரித்திரத்தில் இருக்கிறது. 1862-ல் ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியில் ஏறினார். பதிவான முதல் ஏற்றம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பதிவான என்ற சொல்லை அழுத்தி வாசிக்க வேண்டும். 1877 ஜூலையில் பூஞ்ஞார் அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். குத்தகைப் பத்திரத்தில் இடத்தின் பெயர் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை. அந்தக் கண்ணன் முதுவான் தலைவர் என்று ஒரு வாய்மொழி உண்டு. அவர் யாராக இருந்தாலும் இன்று தேயிலைப் பொட்டலத்தில் இருக்கிறார். காட்டில் துரைமார்களுக்கு வழிகாட்டவும் மூட்டை தூக்கவும் போனவர்கள் முதுவான்கள். பிறகு வேட்டைக்காட்டுக் காவலர்கள் ஆனார்கள். 1978-ல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் இன்றும் வரையாடுகளைக் காப்பவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். ஏறியவர் பெயர் புத்தகத்தில், சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. இது ஆனைமுடியில் மட்டும் நடந்ததல்ல.

பெயருக்கும் முதுகுக்கும் கடல் கடந்தும் ஓர் ஒப்புமை பார்க்கலாம். குவாத்தமாலா நாட்டு மலைமக்களை உலகம் மாயா என்கிறது. அது யூக்கட்டான் சமவெளியில் இருந்த மாயாபான் நகரோடு தொடர்புள்ள பெயர். மேல்மலையில் வாழ்வோரையும் அதற்குள் அடைத்தது பின்னாள் வழக்கம். மலைக்காரர்கள் தங்களைக் கிச்சே, மாம், இஷில் என்று தனித்தனியாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கிச்சே என்றால் பல மரங்கள். ஸ்பானியரோடு வந்த மெக்சிகோ நாட்டுப் படையினர் அதைத் தங்கள் நாவாட்ல் மொழியில் பெயர்த்துச் சொன்னதே குவாத்தமாலா ஆயிற்று என்பர். அங்கும் தாய்மார்கள் நெய்த துணியில் குழந்தையை முதுகில் கட்டுகிறார்கள். ஆண்கள் நெற்றியில் வார்ப்பட்டை மாட்டி முதுகில் பாரம் ஏற்றுகிறார்கள். முதுகே பெயர்க்காரணம் என்றால் பாதி உலகத்துக்கு முதுவான் என்று பேர் வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் சிலர் மாயாவையும் புராணத்துச் சிற்பி மயனையும் ஒன்றாக்கி மேடையில் கைதட்டு வாங்குவார்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சியாகாது. முதுகும் முதுவும் ஒலிக்கும் விதத்தைக் கண்டு மயங்கியவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சாகசப் பயணம் என்ற பெயரில் இப்போது கூட்டம் கிளம்பிவிட்டது. காட்டுவழி, யானை, கூரைவீடு, ‘யாரும் போகாத கிராமம்’ என்று காணொளிகள். 2018 மார்ச் 11-ல் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைக்கும் மலையிலிருந்து ஆட்களைத் தூக்கி இறக்கத் தோள்கொடுத்தவர்களில் அந்தப் பக்கத்து மக்கள் இருந்தார்கள். கொரோனாக் காலத்தில் இடமலைக்குடிக்காரர்கள் வெளியாட்களை உள்ளே விடாமல் தாங்களே கட்டுப்பாடு வைத்து, ஒன்றரை ஆண்டுக்கு நெருங்க நோயில்லாமல் இருந்தார்கள். 2021 ஜூன் கடைசியில் ஒரு மக்கள் பிரதிநிதியோடு யூட்யூப் பயணப் பதிவர் ஒருவரும் உள்ளே போனது பெரிய சர்ச்சையானது. ஜூலையில் முதல் தொற்று பதிவானது. இரண்டையும் முடிச்சுப்போட நான் வரவில்லை. கதவைத் தட்டாமல் போகலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

என் தீர்ப்பு: முதுவான் என்பது முதுவனே. மூத்தவன் என்று பொருள். முதுகுக் கதை அவர்களுடைய இடப்பெயர்ச்சியின் நினைவு. அதை மக்கள் கதையாக மதித்து எழுத வேண்டும், பெயரின் பொருளாக எழுதக் கூடாது. அட்டப்பாடி முதுகரை இவர்களோடு சேர்த்து எழுதுவதை நம் பத்திரிகைகளாவது நிறுத்தலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் பெட்டிமுடியைத் தாண்டாதீர்கள். குடிக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் காணியிடம் சொல்லுங்கள், கேமராவைப் பைக்குள் வையுங்கள். உங்கள் மூட்டையை நீங்களே தூக்குங்கள்.